ஏழாம் துண்டு மட்டும் மஞ்சள்

மார்ச் 3

மாப்பிள்ளைக்கு,

உங்க கடுதாசி நேத்து வந்துச்சு. அஞ்சு மாசமா ஒரு வரி கிடையாது, இப்ப நாலு பக்கம் திட்டு. தபால்காரர் உறையைக் கையில தூக்கிப் பார்த்துட்டு, “கனமா இருக்கே பெரியவரே, கல்யாணப் பத்திரிகையா?”ன்னாரு. “இல்லப்பா, என் தங்கச்சி புருஷன் கோபத்தை எடை போட்டு அனுப்பியிருக்காரு”ன்னேன்.

மேய்ச்சல் நிலத்துல ரெண்டாம் துண்டு படத்துல கருப்பா விழுந்திருக்கு, என்ன நாசம் பண்ணினீங்கன்னு கேட்டிருக்கீங்க. நாசமும் இல்ல, நட்டமும் இல்ல. சேறு. தண்ணித் தொட்டி ஒழுகி வாசல் பக்கம் சகதியாயிருச்சு, டிராக்டர் அதுல இறங்கினப்ப கண்ணு மேல ஒரு கை சேறு அப்பிக்கிச்சு. குருவி வந்து டிராக்டர் மூக்குக்கு முன்னாடி கம்பி நீட்டி மாட்டிட்டுப் போனாளே, அந்தக் கண்ணுதான். உங்க மக, என் மருமக, எவ்வளவு படிச்சும் கண்ணுக்கு ஒரு இமை வச்சாளா பாருங்க. துடைச்சுட்டேன். இப்ப நல்லா பார்க்குது. உங்க காதை விட நல்லாவே வேலை செய்யுது.

போன்ல பேசலாம்னா உங்களுக்குக் கேக்காது. போன தடவை நான் “மாடு சினையா இருக்கு”ன்னு கத்தினேன், நீங்க “சரி, கதவைச் சாத்திட்டுப் படுங்க”ன்னீங்க. அதனால பேனாவே எடுத்துட்டேன். நாலாங்கிளாஸ் எழுத்து, நீங்கதான் திருத்திப் படிச்சுக்கணும்.

முதலாளியம்மா சௌக்கியம். மத்த முப்பத்தோரு மாடும் அவளுக்குப் பின்னாடி சௌக்கியம்.

இப்படிக்கு
உங்க மச்சான்

—

மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. என் காதைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மகளிடம் காட்டவில்லை. காட்டினால் அவளும் சிரிப்பாள்.

சேறு என்றால் சேறு என்று உடனே தெரியப்படுத்தியிருக்கலாம். அந்தக் கருவி விளையாட்டுச் சாமான் அல்ல. நீங்கள் உரம் தூவிக்கொண்டே போகும்போது அது முன்னால் உள்ள புல்லின் பச்சையை அளக்கிறது. பச்சை நன்றாக இருக்கும் இடத்தில் உரத்தைக் குறைக்கிறது, வெளிறிய இடத்தில் கூட்டுகிறது. நாம் நாற்பது வருடம் வயல் முழுக்க ஒரே கை வீச்சாக யூரியாவை இறைத்தோம். பாதி காற்றுக்கும் கிணற்றுக்கும் போனது. இப்போது அது குறைகிறது. இதே கருவி இன்னும் பதினோரு பண்ணைகளில் இருக்கிறது. பன்னிரண்டையும் பார்த்துக்கொள்வது குருவியின் பொறுப்பு. இந்த வருடம் நன்றாக முடிந்தால்தான் அவளுடைய வேலை நிரந்தரமாகும். அதை நினைவில் வையுங்கள்.

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அறை ஆறாவது மாடியில். ஜன்னலுக்கு எதிரே இன்னொரு ஜன்னல். மகளும் மருமகனும் எட்டு மணிக்குப் போனால் ஏழு மணிக்கு வருகிறார்கள். டிராக்டர் ஓடிய அன்று மாலையே படம் என் டேப்லெட்டில் வந்துவிடுகிறது. ஒன்பது துண்டும் தெரிகிறது. மாடுதான் தெரிவதில்லை.

என் மஞ்சள் மழைக்கோட்டை அங்கேயே கொட்டகை ஆணியில் விட்டுவிட்டேன். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்பவும்.

நான் புறப்பட்ட அன்று நீங்கள் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. அதைப் பற்றி எழுதக் கூடாது என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

அன்புடன்
மைத்துனர்

—

மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

மழைக்கோட்டா? ஆறாவது மாடியில வீட்டுக்குள்ள மழை பெய்யுதா? இங்க ஒரு மாசமா வானம் கல்லு மாதிரி இருக்கு. கோட்டு ஆணியிலேயே இருக்கட்டும். தூரத்துல இருந்து பார்த்தா நீங்க சுவத்தைப் பார்த்துத் திரும்பி நிக்கிற மாதிரி இருக்கு. நான் ரெண்டு வார்த்தை திட்டிட்டு வேலையைப் பார்க்கப் போறேன். நீங்க வழக்கம் போல பதில் பேசறதில்ல.

நேத்து எல்லாத் துண்டுலயும் உரம் தூவியாச்சு. படம் பார்த்திருப்பீங்க. ஏழாம் துண்டு ஒரு மாதிரியா வந்திருக்குமே? என்னன்னு எனக்குப் புரியல. நல்லா விளைஞ்ச துண்டுதான். நீங்கதான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டுப் பார்க்கிற ஆளு, பார்த்துச் சொல்லுங்க. விவரமா எழுதுங்க. அவசரம் இல்ல, நாலு பக்கம் ஆனாலும் பரவாயில்ல.

குருவிகிட்ட சொல்லி அவளைத் தொந்தரவு பண்ண வேணாம். நம்மளே பார்த்துக்கலாம்.

காலையில பால் கறந்து கேன்ல ஊத்திட்டேன்னா அப்புறம் பேச ஆள் கிடையாது. வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான், கேனை ஏத்துவான், போயிருவான். அவன் பேர் கூட எனக்குத் தெரியாது. அவனுக்கும் என் பேர் தெரியாது. என்னை “ஒன்பதாம் நம்பர் கேன்”னு கூப்பிடறான்.

மச்சான்

—

மார்ச் 28

அன்புள்ள மச்சானுக்கு,

பார்த்தேன். மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மற்ற எட்டுத் துண்டும் பச்சை. ஏழாம் துண்டு மட்டும் மஞ்சள், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை. இப்படி நான் பார்த்ததே இல்லை.

மேடான துண்டு. போன வருடம் அதில்தான் இரண்டு முறை புல் வெட்டி எடுத்தோம். மண் சத்தை இழந்திருக்கும் என்பது என் கணிப்பு. கருவி தன்னால் முடிந்த அதிகபட்ச அளவைப் போட்டிருக்கிறது. அதற்கு மேல் போடாதபடி அதில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த மஞ்சளுக்கு அது போதாது. நீங்கள் கருவியை அணைத்துவிட்டு, கையால் இன்னொரு சுற்று யூரியா போட்டுவிடுங்கள். மழைக்கு முன்னால் போட்டால் நல்லது.

குருவியிடம் நானும் சொல்லவில்லை. வரம்பை மீறினோம் என்றால் குதிப்பாள். நாற்பது வருடம் புல்லோடு இருந்தவர்கள் நாம். நமக்குத் தெரியாததா?

இதை எழுதும்போது பழையபடி வரப்பில் நின்று உங்களோடு சண்டை போடுவது போல இருக்கிறது. உடனே பதில் போடவும். புல் நிறம் மாறியதா, வேர் எப்படி இருக்கிறது, ஒரு பிடி பிடுங்கிப் பார்த்து எழுதவும்.

முதலாளியம்மாவுக்கு வலது பின் குளம்பைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தீர்களா? அவள் பிறந்தபோது நான்தான் வைக்கோலால் துடைத்தேன். கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

அன்புடன்
மைத்துனர்

—

ஏப்ரல் 6

மாப்பிள்ளைக்கு,

நீங்க சொன்னபடி இன்னொரு சுற்று போட்டாச்சு. டாக்டர் சொல்லி மருந்து குடிக்கிற மாதிரி மறுபேச்சு பேசாம போட்டேன். இதை எங்கயாவது குறிச்சு வச்சுக்குங்க, நான் உங்க பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

வேர் வெள்ளையா நல்லா இருக்கு. நிறம் சொல்ற அளவுக்கு மழையே இல்ல. மத்த துண்டெல்லாம் மாடு மேஞ்சு மேஞ்சு மொட்டை. குளம்பு பார்த்தேன், வெட்டிச் சரி பண்ணினேன். அதுக்கு முதலாளியம்மா என் தொடையில ஒரு உதை விட்டா. உங்க சார்புல விட்டிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன்.

மேற்குல இன்னைக்குக் கொஞ்சம் மேகம். வேற விசேஷம் இல்ல. ராத்திரிக்கு முட்டை வேக வச்சேன். ரெண்டு போட்டேன், பழக்கதோஷம். ஒண்ணு மிச்சம்.

மச்சான்

—

ஏப்ரல் 19

மாப்பிள்ளைக்கு,

உட்கார்ந்து படிங்க.

முதலாளியம்மா போயிட்டா. முந்தாநாள் மத்தியானம்.

மழை வந்து ஒரு வாரம் மூட்டமாவே இருந்துச்சு. ஏழாம் துண்டுல மட்டும் புல் கிடுகிடுன்னு ஏறுச்சு, கரும்பச்சை. மத்த இடத்துல ஒரு வாய்க்குக் கூட இல்ல. மாடுங்க வேலிக்கிட்ட நின்னு கத்துச்சுங்க. திறந்து விட்டேன். அவதான் எப்பவும் போல முன்னாடி போனா. மத்ததை முட்டித் தள்ளிட்டு அவளே நிறைய மேஞ்சா. மூணு மணி நேரத்துல மூச்சு வாங்குச்சு, தள்ளாடிச்சு, விழுந்துட்டா. அவளோட இன்னும் நாலு விழுந்துச்சு.

மாட்டு டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார். ரத்தம் சிவப்பா இல்ல மாப்பிள்ளை, காப்பி நிறம். உரம் ஏகத்துக்கும் அதிகமாயிருச்சு, மழை இல்லாத நாள்ல வேர்ல தங்கி மழை வந்ததும் புல்லுக்கு ஏறிருச்சு, அதுவே விஷம்னார். நீல மருந்து ஊசி போட்டார். நாலும் எந்திரிச்சிருச்சு. அவளுக்கு ஊசி போட நேரமில்ல.

“இவ்வளவு உரம் யார் போட்டது?”ன்னு டாக்டர் கேட்டார். “மிஷின் போட்டுச்சு”ன்னு சொல்லிட்டேன்.

மச்சான்

—

ஏப்ரல் 25

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தை மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் படித்தேன். நல்லவேளை.

டாக்டர் கொடுத்த அறிக்கை குருவியின் அலுவலகத்துக்கு வந்துவிட்டது. ‘கருவி அளவுக்கு மீறி உரம் தூவியதால் ஒரு மாடு இறந்தது’ என்று அதில் இருக்கிறது. பன்னிரண்டு பண்ணையிலும் கருவியை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மே மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் காரணம் என்னவென்று அவள் எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அவளை அனுப்பிவிடுவார்கள். ஏழாம் துண்டின் கணக்குகளை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். “கருவிக் கண்ணு பார்த்தது மஞ்சள்தான்ப்பா, ஆனா அங்க மஞ்சள் இருக்கவே முடியாது” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

நான் ஒரு தவறு செய்துவிட்டேன். கோபத்தில் அவளிடம், “உன் கருவி என் மாட்டைக் கொன்றுவிட்டது” என்று சொல்லிவிட்டேன். எனக்குக் காது கேட்காததால் நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து என்னோடு மேஜையில் உட்காருவதில்லை.

முதலாளியம்மாவை எங்கே புதைத்தீர்கள்?

மைத்துனர்

—

மே 2

மாப்பிள்ளைக்கு,

வடக்கு வேலி ஓரம், ரெண்டாள் ஆழம். தனியாத் தோண்ட முடியல, மண் தோண்டுற மிஷின் வாடகைக்கு எடுத்தேன்.

இப்ப நான் சொல்றதை நீங்க வாசிச்சுட்டுக் கிழிக்கக் கூடாது. குருவிகிட்ட கொடுக்கணும்.

கண்ணு தப்புப் பண்ணல. ஏழாம் துண்டுல அது பார்த்தது புல்லே இல்ல. உங்க மழைக்கோட்டு.

மொத தடவை சேறு ஒட்டினது நிஜமாவே சேறுதான். அதுக்கு நீங்க நாலு பக்கம் எழுதினீங்க. அந்த நாலு பக்கத்தை நான் எத்தனை தடவை படிச்சேன்னு சொன்னா சிரிப்பீங்க. திட்டுத்தான், ஆனா உங்க குரல் அதுல இருந்துச்சு. அப்பத்தான் எனக்குக் குறுக்குப் புத்தி வந்துச்சு. படம் கெட்டாத்தான் இந்த ஆளு எழுதுவாருன்னு. நீங்க கோட்டு அனுப்புங்கன்னு எழுதினப்ப ஆணியில தொங்கினதைப் பார்த்தேன். மஞ்சளா இருக்கே, கண்ணுக்குக் காட்டினா என்ன ஆகும்னு பார்ப்போம்னு தோணுச்சு. ஏழாம் துண்டு வாசல்ல டிராக்டரை நிறுத்தி, கோட்டைக் கம்பியில இழுத்துக் கட்டினேன், கண்ணுக்கு நேரா ஒரு முழம் கீழே. அப்படியே துண்டு பூரா ஓட்டினேன். பின்னாடி மிஷின் கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. நான் முன்னாடி உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தேன். இதைப் பார்த்து மனுஷன் ஆறாவது மாடியில இருந்து குதிப்பாருன்னு.

ஒரு சுற்றோட நின்னிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ரெண்டாவது சுற்றையும் நானாத்தான் போட்டேன். யாரும் சொல்லல. அப்படித்தான் இத்தோட வச்சிருக்கிற தனித் தாள்லயும் எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கேன். அதை ஆபீஸ்ல கொடுக்கச் சொல்லுங்க. எழுத்துப்பிழை இருந்தா திருத்தாதீங்க, திருத்தினா நீங்க எழுதினதுன்னு நினைச்சுருவாங்க. உங்க மார்ச் மாசக் கடுதாசி அடுப்புல போயிருச்சு. தேடாதீங்க.

பசி மாட்டை அந்தப் புல்லுல விட்டதும் நான்தான். கரும்பச்சையைப் பார்த்தப்பவே இது சரியில்லன்னு தெரிஞ்சுச்சு. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினா ஏன்னு நீங்க கேப்பீங்க, கேட்டா கோட்டைச் சொல்லணும். சொன்னா அப்புறம் எழுத மாட்டீங்க.

நீங்க கார்ல ஏறின அன்னைக்கு நான் கொட்டகையில கையில பால் செம்பு இல்லாமலே ஒரு மாட்டுக்கு அடியில உட்கார்ந்திருந்தேன். கறந்து முடிச்ச மாடு. வெளிய வந்திருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல. அதனால வரல.

இனிமே நீங்க எழுதலன்னா நான் கேக்க மாட்டேன்.

—

மே 16

மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தையும் தாளையும் நான்கு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். முதல் நாள் உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். இரண்டாம் நாள் அதைப் படித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் அதைக் கிழித்தேன்.

நான்காம் நாள் தாளை எடுத்துக்கொண்டு குருவியின் அறைக்குப் போனேன். அவள் படித்தாள். “ரெண்டாவது சுற்றும் மாமாவே போட்டாராப்பா?” என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினாள். எனக்குக் கேட்கும்படி அவள் சத்தம் போட விரும்பவில்லை. ஆம் என்று தலையாட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். உங்களை முழுசாகக் குற்றவாளி ஆக்கிவிட்டு நான் டேப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். “இல்லை, நான்தான் போடச் சொன்னேன். வரம்பு இருப்பது தெரிந்தே சொன்னேன்” என்றேன். என் தாளையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் கடிதத்தை நீங்கள் எரித்திருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தபால்தலையைக் கூட எரிக்காத ஆள் நீங்கள்.

இரண்டு தாளையும் அலுவலகத்தில் கொடுத்தாள். பதினோரு பண்ணையில் கருவி மறுபடி ஓடுகிறது. அவளுடைய வேலைக்கு ஆபத்து இல்லை, ஆனால் நிரந்தரம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போய்விட்டது. நம் பண்ணையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கண்ணைக் கழற்ற அவளே வருகிறாள். அவள் மறுபடி மேஜையில் சாப்பிடுகிறாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை.

நீங்கள் எழுதியதால் நானும் ஒன்று எழுதுகிறேன். காலையில் எழுந்ததும் டேப்பைத் திறப்பேன். ஒன்பது துண்டும் பச்சையாக இருந்தால் அன்றைக்கு எனக்கு உங்களுக்கு எழுத ஒன்றும் இருக்காது. ஏழாம் துண்டு மஞ்சளாக வந்த அன்று நான் சந்தோஷப்பட்டேன். அந்த சந்தோஷத்தில்தான் இன்னொரு சுற்று போடுங்கள் என்று எழுதினேன். மண்ணைப் பற்றி யோசிக்கவே இல்லை.

முதலாளியம்மாவை வைக்கோலால் துடைத்த கை இது.

மைத்துனர்

—

மே 24

மாப்பிள்ளைக்கு,

குருவி வந்துட்டுப் போனா. ரெண்டு மணி நேரம் இருந்தா. வந்ததும் வடக்கு வேலிப் பக்கம் போய் நின்னுட்டு வந்தா. அப்புறம் கண்ணைக் கழற்றிப் பெட்டியில வச்சா. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். டீ போட்டேன், குடிச்சா. நான் ரெண்டு ஜோக் சொன்னேன், சிரிக்கல.

கார் கதவைத் திறந்துட்டு நின்னு, “எழுதணும்னு தோணினா சும்மா எழுத வேண்டியதுதானே மாமா”ன்னா. “அதுக்கு ஒரு காரணம் வேணுமா?”ன்னா.

இந்தத் தடவை கார் திரும்பற வரைக்கும் வாசல்லயே நின்னேன்.

உங்க கோட்டை அவகிட்ட கொடுத்தேன், வாங்கிக்கல. மறுபடி ஆணியில மாட்ட மனசு வரல. மடிச்சு உள்ள வச்சிருக்கேன்.

டிராக்டர் மூக்குல நாலு ஓட்டை இருக்கு, அவ்வளவுதான். இனிமே இங்க எது நடந்தாலும் உங்க டேப்ல வராது. எந்தத் துண்டு பச்சை, எது மஞ்சள்னு உங்களுக்குத் தெரியாது. நான் பொய் சொன்னாலும் தெரியாது. ஆனா சொல்லல. இன்னைக்கு எட்டுத் துண்டுல புல் கணுக்காலுக்கு நிக்குது. ஏழாம் துண்டுல முழங்காலுக்கு மேல. அதை இந்த வருஷம் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். காத்தடிச்சா அது மட்டும் தனியா சாயுது. மாடுங்க இப்ப வாசல் திறந்தாலும் யார் முன்னாடி போறதுன்னு தெரியாம நிக்குதுங்க. நான்தான் முன்னாடி நடந்து காட்டறேன்.

மழை இல்ல. முட்டை ஒண்ணுதான் போட்டேன். வேற ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை, எழுதறதுக்கு ஒரு விஷயமும் இல்ல. நீங்களும் ஒண்ணும் இல்லன்னே எழுதுங்க.

மச்சான்